மாமாவின் மஞ்சக் கடுதாசியைத் தேடி முல்லைத்தீவுக்கு

இலங்கைக்குப் போய் வந்தவர்கள் கண்டியின் குளிரைச் சொல்வார்கள், கொழும்பின் கடைத்தெருவைச் சொல்வார்கள். நான் போனது என் மாமனார் கொடுத்த மஞ்சக் கடுதாசியைத் தேடி. கையோடு மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்படி ஒரு சுற்றுலா வேறு எந்த மாப்பிள்ளைக்கும் வாய்த்திருக்காது.

நான் மானாமதுரை ஸ்டேஷனுக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருப்பவன். என் மாமனார் முத்துக்கருப்பன் வாலிப வயதில் முல்லைத்தீவில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். கடற்கரை ஜனங்களுக்குக் கடனுக்குப் புடவை கொடுத்தார். தொடர்ந்தாற்போல் கடல் கையை விரித்தது. ஜனங்களிடம் காசு இல்லை. கொழும்பு மொத்தக் கடைக்காரர்கள் கழுத்தை நெரித்தார்கள். வேறு வழியில்லாமல் மாமா கோர்ட்டில் போய், நான் நொடித்துவிட்டேன் என்று மஞ்சக் கடுதாசி கொடுத்தார். வழக்கு முடிகிற நேரத்தில், மாமிக்குப் பிரசவம் சிக்கலாக இருக்கிறது, உடனே புறப்படு என்று ஊரிலிருந்து தந்தி. கடைசி வாய்தாவுக்கு நிற்காமல், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கப்பல் ஏறிவிட்டார். அப்போது பிறந்தவள்தான் என் கொழுந்தியாள் பார்வதி.

இப்போது பார்வதிக்கு நல்ல இடத்தில் வரன் வந்திருக்கிறது. பையனும் தங்கம், குடும்பமும் தங்கம். பையனின் தகப்பனார்தான் கொஞ்சம் உரைத்துப் பார்க்கிற ஆசாமி. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இலங்கைச் சட்டத்தில் திவாலானவருக்கு மூணு வகுப்பில் சர்டிபிகேட் உண்டு" என்றார் அவர். "தன் தப்பில்லாமல் நஷ்டப்பட்டவருக்கு முதல் வகுப்பு. பாதித் தப்பு இருந்தால் இரண்டாவது. முழுக்க இவர் செய்த கூத்துத்தான் என்றால் மூன்றாவது. உங்க மாமனார் என்ன வகுப்பு? ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். ஆவணியிலேயே முகூர்த்தம் வைத்துவிடுவோம்."

என்ன வகுப்பு என்று மாமாவுக்கே தெரியாது. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்க்காமல் ஓடி வந்த மனிதர் அவர். இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காராமல் பந்தி முடிந்ததும் நழுவிவிடுவார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், மூட்டையைக் கட்டு என்பது.

கடல் கடந்ததும் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று மாமாவுக்கு நிச்சயமான நம்பிக்கை. அதற்காகத் தாடி வளர்த்தார். நரையும் கறுப்புமாக, ஆட்டுக்கிடாவுக்கு வைத்தது போல ஒரு தாடி. அதிகாரிகள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் காப்பிப்பொடி டப்பாவைத்தான் மூன்று பேர் மாறி மாறி முகர்ந்து பார்த்தார்கள்.

வவுனியாவில் இறங்கியபோது விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எதிரே ஒரு தேநீர்க் கடை. காப்பி கேட்டேன். கொடுத்ததைக் குடித்தேன். அதைப் பற்றி மேலே எழுதினால் தொழில் பொறாமை என்பார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"ஐயா இந்தியாவோ? இஞ்ச கோப்பி கேக்கக்கூடாது. தேத்தண்ணி குடியுங்கோ" என்று பால் விடாத தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்தார். பனங்கட்டியை ஒரு கடி, தேநீர் ஒரு வாய். உண்மையைச் சொல்கிறேன், அப்படியே அசந்து போனேன். பிறகு பிட்டு வந்தது. நம் ஊரில் புட்டு என்று சர்க்கரை போட்டு உதிர்த்துக் கொடுக்கிறோமே, அதுவல்ல. தேங்காய்ப் பூவும் மாவும் மாறி மாறி அடுக்கி அவித்து, மேலே சொதி என்று தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றி, பக்கத்தில் கண்ணில் நீர் வரவழைக்கிற சம்பல் என்ற காரத் துவையலும் வைத்துத் தருகிறார்கள். மாமா சொதி ஊற்றிய முதல் கவளத்தை வாயில் வைத்தார். அந்தச் சமயம் அவருக்குத் தாடியும் மறந்துவிட்டது, போலீசும் மறந்துவிட்டது.

கோர்ட்டுக்குப் போனோம். மாமா உள்ளே வர மறுத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் மட்டும் போய், ஒரு திவால் வழக்கைப் பார்க்க வேண்டும் என்றேன். அங்கிருந்த கிளாக்கர், நம் ஊர்க் குமாஸ்தா, புரியாமல் விழித்தார். ஐ.பி. என்றேன், மஞ்சக் கடுதாசி என்றேன். கடைசியில் கையை விரித்துக் காட்டினேன்.

"ஓ, வங்குறோத்தோ! கதிரையிலை இருங்கோ" என்று நாற்காலியைக் காட்டினார். விவரம் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "முல்லைத்தீவுக் கடை எண்டால் வழக்கு முல்லைத்தீவுக் கோட்டிலைதான் நடந்திருக்கும். கட்டும் அங்கைதான் கிடக்கும். நீங்கள் ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

ஏன் வந்தேன்? பெரிய ஊர்க் கோர்ட்டில் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு வந்தேன், முல்லைத்தீவுக்குப் போகப் பயந்த மாமாவும் திருத்தவில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. "அங்கே பார்க்க விடுவார்களா? யாரையாவது பிடிக்க வேண்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏன் பிடிக்க வேணும்? அது பொதுப் பத்திரம். முத்திரை ஒட்டி ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்தால் ஆரும் பாக்கலாம், ஐயா."

வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "யார் வேணும்னாலுமா? அப்ப இத்தனை வருஷமும் யாராச்சும் போய் எடுத்துப் படிச்சிருக்கலாமா?" என்றார். படித்திருக்கலாம். ஆனால் ஊரில் பலவிதமாகப் பேசிய ஒருவரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் பஸ். அதைப் பஸ் என்று சொல்வது அதற்கு நாம் செய்கிற மரியாதை. மேலே நெல்மூட்டை, உள்ளே மனிதர், மனிதர் மடியில் கோழி. ஓமந்தை தாண்டியதும் இரண்டு பக்கமும் காடுதான். நம் பக்கத்தில் வேலிக் கருவையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வானத்தை முட்டுகிற முதிரை மரமும் பாலை மரமும் ஏதோ பணக்காரர் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தன. எங்கிருந்தோ ஒரு குளம் வரும், அதைச் சுற்றிக் கொஞ்சம் வயல் வரும், மறுபடியும் காடு.

நடுக்காட்டில் பஸ் நின்றது. எஞ்சின் கொதித்துவிட்டது என்றார் டிரைவர். எஞ்சின் கொதித்தால் எங்கள் ஊரில் பிரயாணிகளும் சேர்ந்து கொதிப்பார்கள். இங்கே எல்லோரும் சந்தோஷமாக இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். பாலைப்பழக் காலமாம். மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழங்கள். டிரைவரே ஒரு கிளையை முறித்துக்கொண்டு வந்து கொடுத்தார். தின்றேன். தேனையும் பாலையும் கலந்தது போல ஒரு ருசி. எஞ்சின் நிஜமாகவே கொதித்ததா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரே ஒரு சங்கடம், அந்தப் பழத்தில் பிசுபிசுவென்று பால் இருக்கிறது. உதடு ஒட்டிக்கொள்ளும். பழகிய ஜனங்கள் நாசூக்காகத் தின்கிறார்கள். மாமா பழைய ஞாபகத்தில் இரண்டு கையாலும் வாரித் தின்றுவிட்டார். பாலெல்லாம் தாடியில் இறங்கி, காய்ந்து, தாடியும் மீசையும் உதடும் ஒரே கட்டியாகிவிட்டன. வாயைத் திறக்க முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் ஒருவர், கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவர் என்று கழுத்துச் செபமாலை சொன்னது, தன் கூடையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்தார். "அண்ணை, இழுக்காதேங்கோ! எண்ணெய் போட்டு ஊற விடுங்கோ" என்றார். வாய் திறந்தது. தாடி திறக்கவில்லை. "இது இனி அம்பட்டனிட்டைத்தான் போகவேணும்" என்று தீர்ப்பும் சொன்னார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா முறைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் முல்லைத்தீவில் முதல் வேலையாகத் தாடியை எடுத்தோம். முடிவெட்டுகிறவர் முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடிக்குள் மாமாவையே பார்த்தார். "உங்களை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு" என்றார். மாமா காசை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்துவிட்டார்.

தங்கிய இடம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் அறை. இடியப்பமும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கடல் காற்றில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மாமா உண்மையான பயத்தைச் சொன்னார். அவர் பயம் போலீஸ் இல்லை, சவிரிமுத்து.

சவிரிமுத்து ஒரு மீன்பிடிகாரர். மாமாவின் சிநேகிதர். சொந்த வள்ளம் வாங்குவதற்காகச் சேர்த்த பணத்தையெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று மாமாவின் கடையில்தான் கொடுத்து வைத்திருந்தார். கடை முழுகியபோது அதுவும் முழுகிவிட்டது.

"கொழும்புக்காரன் கிடக்கான், மாப்பிள்ளை. அவனுக்கு நூறு கடை. சவிரிக்கு என்ன இருந்தது? அவன் முகத்தைப் பார்க்காமத்தான் ஓடினேன். அவன் கோர்ட்டுல என்ன சொன்னானோ. எனக்கு மூணாம் வகுப்புத்தான் கிடைச்சிருக்கும். பார்வதி கல்யாணம் என்னாலதான் நிக்கப் போகுது" என்றார்.

மூன்றாம் வகுப்பு என்றால் அந்தக் குமாஸ்தா சம்பந்தி வாசலோடு திரும்பிவிடுவார். அடுத்த வரன் வருமா என்பதும் சந்தேகம். ஆறுதலாக எதையாவது சொல்லத் தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள். நான் அவருக்கு என் டப்பாவிலிருந்து ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கோர்ட். கடலைப் பார்த்த கட்டடம், ஓட்டுக்கூரை, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பழைய வழக்குக் கட்டுகளுக்குப் பொறுப்பானவர் பெயர் தம்பிராசா. பருத்த சரீரம், சிரித்த முகம், மேசையில் கச்சான் பொட்டலம். கச்சான் என்றால் அங்கே வேர்க்கடலை. விண்ணப்பத்தை எழுதி, முத்திரை ஒட்டி நீட்டினேன். மாமா வழக்கம் போல வெளியே, பூவரச மரத்தடியில்.

"முத்துக்கருப்பன்..." என்று பெயரை வாசித்துப் பார்த்தார் தம்பிராசா. "அப்பிடி ஒரு வங்குறோத்து வழக்கு எனக்கு ஞாபகம் இல்லையே." வருஷம் கேட்டார். மாமா சொன்ன வருஷத்தைச் சொன்னேன். அந்த வருஷத்துக் கட்டுகளில் தேடினார். முன்னும் பின்னும் தேடினார். நானும் கூட நின்று தூக்கி இறக்கினேன். இல்லை. மூன்றாம் வகுப்பாவது ஒரு வகுப்பு. ஒன்றுமே இல்லையென்றால் சம்பந்தியிடம் எதைக் காட்டுவது?

தம்பிராசா ஒரு பிடி கச்சானை வாயில் போட்டுக்கொண்டு, "அவர் என்ன வியாபாரம் செய்தவர்?" என்று கேட்டார்.

"ஜவுளிக் கடை."

"புடவைக் கடையோ? எவடத்திலை?"

"மருத மரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டாம். அதற்கு எதிரில்."

தம்பிராசா கச்சானைத் துப்பாத குறையாக எழுந்தார். "பிள்ளையார் வழக்கோ! என்ன ஐயா, இதை முதலிலையே சொல்லுறதுக்கென்ன? பிள்ளையார் வழக்கு எண்டு கேட்டிருந்தால் பஸ்சிலையே ஆரும் சொல்லியிருப்பினம்!" என்று கூவிவிட்டு, பக்கத்து அறையைப் பார்த்து, "இஞ்ச ஓடி வாங்கோ, பிள்ளையார் வழக்குக்கு ஆள் வந்திருக்கு!" என்றார். இரண்டு கிளாக்கர்கள் வந்துவிட்டார்கள். மாமா சொன்னதற்கு அடுத்த வருஷத்துக் கட்டில் அது இருந்தது. மனிதர் பதற்றத்தில் வருஷத்தையே தப்பாக நினைவில் வைத்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பிள்ளையார்? என்ன வழக்கு?

கட்டைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தம்பிராசா தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நொடித்தவர் தான் பணம் தர வேண்டிய கடன்காரர் எல்லாரையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாமாவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது பெயர் கொழும்புக் கடை. மூன்றாவது சவிரிமுத்து. முதல் பெயர், பிள்ளையார். இருப்பிடம், மருத மரத்தடி.

எனக்குச் சுருக்கென்று விளங்கிவிட்டது. நம் வியாபாரிகள் யாராக இருந்தாலும் விற்பனையில் இவ்வளவு என்று சாமிக்கு மகமை ஒதுக்கிக் கணக்கில் முதல் பக்கத்தில் எழுதுவோம். என் காப்பிக் கடையிலும் அப்படித்தான். அது கடை சாமிக்குக் கொடுக்க வேண்டியது. மாமா ஒதுக்கி எழுதினாரே தவிர, கஷ்டத்தில் அதையும் எடுத்துச் சரக்குப் போட்டுவிட்டார். கோர்ட்டில் கேட்டபோது முதல் பக்கத்தை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நீதவான் வெள்ளைக்காரர். இவர் யார், இவருக்கும் நோட்டீஸ் கொடுங்கள் என்று எழுதிவிட்டார். நோட்டீஸ் கொண்டுபோன சேவகரின் அறிக்கையைத் தம்பிராசா எழுந்து நின்று வாசித்தார். அவருக்கு அது மனப்பாடம். "மேற்படி பிள்ளையாரை மருத மரத்தடியில் கண்டேன். அவர் முன்னிலையில் உரக்க வாசித்தேன். மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்."

கிளாக்கர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எத்தனையாவது தடவை கேட்கிறார்களோ. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "முடிவு என்ன? அதைச் சொல்லுங்கள்" என்றேன்.

"பொறுங்கோ. கடைசித் தவணை." கடைசி வாய்தா நாளில் நீதவான் எழுதிய குறிப்பைத் திருப்பி வாசித்தார். "நொடித்தவர் வரவில்லை. கடன்காரர் சவிரிமுத்து ஒரு தந்தியைக் கொண்டுவந்து காட்டினார். நொடித்தவரின் மனைவிக்குப் பிரசவம் சிக்கல் என்றும், அதனால்தான் அவர் போனார் என்றும் சொன்னார். பிள்ளையாருக்காக யார் பேசுகிறீர்கள் என்று நான் கேட்டேன். சவிரிமுத்து, நான் பேசுகிறேன் என்றார். நீர் கத்தோலிக்கர் அல்லவா என்று கேட்டேன். ஆம், ஆனால் கடை பூட்டியதிலிருந்து அவருக்கு விளக்கு வைப்பது நான்தான் என்றார். பிள்ளையாருக்கு ஆட்சேபனை இல்லை, தனக்கும் இல்லை என்றார்."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. தம்பிராசா குரலைத் தாழ்த்தி முடிவை வாசித்தார். "எவரும் வழக்குப் போட்டுக் கேட்க முடியாத கடனையும் மறைக்காமல் எழுதியவர் வேறு எதையும் மறைத்திருக்க மாட்டார். முதலாம் வகுப்புச் சர்டிபிகேட் வழங்குகிறேன்."

நான் வெளியே ஓடினேன். நாற்பது வயதை நெருங்குகிறவன் கோர்ட் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடலாமா என்றால், ஓடலாம். "மாமா! முதல் வகுப்பு! பாஸ்!" என்று கத்தினேன். மரத்தடியில் வழக்குக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அப்படியே நின்றார். விவரம் முழுவதும் சொன்னேன், தந்தியையும் சொன்னேன். அவர் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தத் தந்தியைக் கடை மேசையிலேயே விட்டுட்டுப் போனேன் மாப்பிள்ளை... சவிரியா? சவிரியா வந்து பேசினான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு, இவர் பெண்ணைக் கட்டினோமே என்று பெருமையாக இருந்தது.

தம்பிராசா அவரை உள்ளே அழைத்துக் கதிரையில் உட்கார்த்தினார். பிள்ளையார் வழக்கின் சொந்தக்காரரே நேரில் வந்துவிட்டார் என்றதும் கோர்ட்டே கூடிவிட்டது. ஒருவர் தேநீர் வாங்கி வந்தார், ஒருவர் அந்த நாளையில் புடவை என்ன விலை என்று கேட்டார். தம்பிராசா தன் கச்சான் முழுவதையும் மாமா முன்னால் கொட்டினார். தலைமறைவாக வந்த மனிதருக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உபசாரம் நடந்தது.

முத்திரை வைத்த நகல் மறுநாள் கிடைத்தது. அதைச் சம்பந்தி பார்த்து என்ன சொன்னார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு எழுத்து விடாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு தீர்ப்பை நான் நகல் எடுத்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாமா முன்வரிசையில்தான் உட்கார்ந்தார்.

ஆனால் முல்லைத்தீவில் நகல் கைக்கு வந்த அன்றைக்கு, நான் அடுத்த பஸ்சைப் பிடிக்கப் பறந்தேன். கடையை மைத்துனனை நம்பி விட்டு வந்திருக்கிறேன், அவன் போடுகிற காப்பியை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மாமா அசையவில்லை.

"கோர்ட்டு சரின்னு சொல்லிடுச்சு. சவிரிகிட்ட நான் போய் நிக்க வேண்டாமா?" என்றார்.

"அவர் இருக்கிறாரோ இல்லையோ."

"இருக்கிறார், ஐயா" என்றார் தம்பிராசா. "கோயிலுக்கு அங்கால, கடற்கரையிலை வீடு. மருமக்கள்தான் இப்ப கடலுக்குப் போறவை."

முதலில் மருத மரத்தடிக்குப் போனோம். பிள்ளையாருக்கு இப்போது சின்னக் கூரை போட்டிருக்கிறார்கள். மாமா தேங்காய் உடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தார். அது அவர்கள் இரண்டு பேருக்குள் உள்ள கணக்கு, நான் கேட்கவில்லை. எதிரே கடை இருந்த இடத்தில் சைக்கிள் திருத்துகிற கொட்டகை இருந்தது. மாமா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மணலில் நடக்க நடக்க அவர் நடை தளர்ந்துகொண்டே வந்தது. ஒரு இடத்தில் நின்று, "மாப்பிள்ளை, திரும்பிடுவோமா? அவன் பணத்தை இன்னைக்கும் என்னால குடுக்க முடியாதே" என்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்து நடத்தினேன். வேறொரு சமயமாக இருந்தால் ஏதாவது கேலி சொல்லியிருப்பேன். கோர்ட்டில் நண்பனுக்காகப் பேசிய மனிதர், அதன் பிறகு ஒரு கடிதாசிகூட வராமல் இத்தனை வருஷம் போனதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்?

கிடுகு வேலி, உள்ளே ஓலை வீடு, முற்றத்தில் காயப்போட்ட கருவாடு. நரைத்த தலையும் கறுத்த உடம்புமாக ஒருவர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். வேலிப் படலைத் திறந்த சத்தத்துக்குத் தலை நிமிர்ந்தார். வெயிலுக்குக் கையைக் கண் மேல் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தார். வலை மடியிலிருந்து நழுவியது.

மாமா கும்பிட்டார். சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்துப் பிரித்தார். "சவிரி... நீ கோர்ட்டுல எனக்காக... நேத்துத்தான் தெரியும் சவிரி... உன் வள்ளத்துக் காசு..." ஒன்றும் முழுதாக வரவில்லை.

சவிரிமுத்து எழுந்து வந்தார். காகிதத்தை வாங்கவில்லை, மாமாவின் இரண்டு கையையும் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உதைப் பிறகு பாப்பம், அண்ணை" என்றார். "முதல் இதைச் சொல்லுங்கோ. என்ன பிள்ளை?"

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் ஒரு கணம் விளங்கவில்லை.

"தந்தி வந்ததெல்லோ. போனனீங்கள், பிறகு ஒரு கதையும் இல்லை. என்ன பிள்ளை பிறந்தது? தாயும் பிள்ளையும் சுகமோ?"

"சுகம்" என்றார் மாமா. "சுகம் சவிரி. ரெண்டு பேரும் சுகம். பொம்பளைப் பிள்ளை. ஆவணியில கல்யாணம்."

சவிரிமுத்து அடுப்படிப் பக்கம் திரும்பி, மனைவிக்குக் கேட்கும்படி கடல் இரைச்சலையும் மீறிக் கத்தினார்.

"இஞ்சேரப்பா! அது பொம்பிளைப் பிள்ளையாம்! சுகமாம்!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஒரு கிழவியின் குரல் உடனே திருப்பிக் கத்தியது.

"நான் அப்பவே சொன்னனானெல்லோ!"